கீழே ஒரு கோடு

வேலை என்றால் கடல், கடற்கரையும்தான்,
நிகண்டு அப்படித்தான் சொல்கிறது.
எனக்குச் சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்,
கைக்கு வர நாற்பத்தைந்து நாள்.

இந்த முறை வந்தது ஓர் அறிவிப்பு.
வடாலாவில், உப்புப் பாத்திகளுக்கு அப்பால்,
உயர் ஓதக் கோட்டுக்கும்
தாழ் ஓதக் கோட்டுக்கும் நடுவே
குடியிருப்பவர்கள்
ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள்.
மராத்திக்கு ஒருவர், இந்திக்கு ஒருவர்,
தமிழுக்கு நான்.

நடுவே இருப்பதற்கு ஒரு பெயர் வேண்டும்.
'இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி' என்று
பதினோரு தரம் எழுதலாம்.
நீளமாக எழுதினால் எனக்குத்தான் காசு.
ஆனாலும் கை கூசியது.

கரை என்று போட்டுப் பார்த்தேன்.
அரசாங்கத் தாளில் அது ஏவல்வினை ஆகிவிடுகிறது.
கழி என்றேன்.
அதுவும் ஏவல்தான்.
கானல் என்றால்
இருக்கிறவர்களே இல்லை என்று
நானே எழுதிக் கொடுத்த மாதிரி.
அளம் உப்புக்கு.
சதுப்பு, செருப்போடு தள்ளி நிற்பவர்கள் வைத்த சொல்.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து
நேரிலேயே போனேன்.
ஜெசிந்தா சாக்கு விரித்துக் கூனி காயவைத்துக்கொண்டிருந்தாள்.
வீரபாண்டியன்பட்டணத்துக்காரி.

இந்த இடத்துக்கு என்ன பேரு?
எந்த இடத்துக்கு?
காலால் காட்டினேன்.
மூணாம் நம்பர் சந்து.
அது இல்ல, தண்ணி வந்து போகுதே, இந்த மண்ணுக்கு.
அதான் சொல்றேன், மூணாம் நம்பர் சந்து.
தண்ணி வந்தா கட்டில்மேல இருப்போம்,
போனா கீழ.

பக்கத்து வாசலில் ஹிராபாய்
எங்கள் பேச்சை எப்படிப் பிடித்தாளோ,
'காடி' என்றாள்.
வந்த புதுசுல புளிச்ச கஞ்சின்னு நெனச்சிட்டேன் என்று
ஜெசிந்தா சிரித்தாள்.
பிறகு, கூனியில் கிடந்த நண்டுக்குஞ்சைப் பொறுக்கிப் போட்டுவிட்டு,
ஊர்ல கடப்புறம்னு சொல்லுவோம்.
இங்க புறம் எங்க இருக்கு?
எல்லாம் உள்ளதான் வருது.

அவளுக்குப் பின்னால் சேற்றில் பூநாரைகள்
தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.
எந்தக் கோட்டுக்குக் கீழே என்று
எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு பழைய சொல் ஒன்றை எடுத்தேன்.
எக்கர்.
அலை கொண்டுவந்து குவித்துவிட்டுப் போன மணல்.
நாளைக்கும் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்காத,
ஆனால் இன்றைக்கு மேலே நிற்கலாம் என்கிற மேடு.
அடிக்குறிப்பும் சேர்த்தேன்.
அடிக்குறிப்புக்குக் காசு கிடையாது.

அச்சாகி வந்தது.
சந்து முனையில், டியூஷன் சென்டர் விளம்பரத்தின் மேல்
பாதி மறைய ஒட்டியிருந்தார்கள்.
பிழை திருத்துகிறவர் மாட்டுங்காவில் யாரோ திவாகரனாம்,
இருபது வருஷ அனுபவம், கவனமான ஆள்.
எகரத்தின் காலில் சின்னதாய் ஒரு கோடு இழுத்திருந்தார்.

ஏக்கர்.

பதினோரு இடத்திலும்.
அடிக்குறிப்பு இல்லை.

ஒரு கோடுதான்.
அலை போட்டது அளந்ததாகிவிட்டது,
அளந்தால் விலை வரும்,
விலை வந்தால் ஆள் வருவான்.

ஜெசிந்தா விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள்.
பத்துக்கு எட்டு, அதில் பாதி கட்டில்.
ஏக்கரா?
எங்களுக்கா?
இத்தனை வருஷம் யாரும் சொல்லவே இல்லியே.

இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.
முதல் ஆட்சேபணையை நானே எழுதிக்கொண்டு போனேன்.
விஷயம்: கோடு தவறு.
எந்தக் கோடு என்று கேட்டார் குமாஸ்தா,
உயர்ந்ததா, தாழ்ந்ததா?

எகரத்தினுடையது என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.
அப்படி ஒரு கட்டம்
படிவத்தில் இல்லை.