விசிட்டர்

ஓசூர் சிப்காட்டில்
பதினொரு வருடம் என் விரலுக்குத் திறந்த கதவு
இன்று சிவப்பாய்க் கனைத்துவிட்டு நின்றது.
திம்மராயன் நோட்டை நீட்டினார்.
பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க, எதற்காக.
"எதற்காக" என்ற கட்டத்தில்
என் பழைய மேசையின் வேலையையே எழுதினேன்:
அளவுக் கருவிகள் சரிபார்த்தல்.
நான்கு நாள். ஜிஎஸ்டி தனி.

ராஜினாமா அனுப்பிய இரவு
வீட்டில் யாரும் அழவில்லை.
நஞ்சுண்டன் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடி
"ஒண்ணாந்தேதி இனிமே என்னைக்கு வரும்?" என்றான்.
இரண்டு மாதம் அது வரவேயில்லை.

வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள்.
என் இன்வாய்ஸ்களை மேலாளர்
பொருந்தாத ஜாதகம்போல் புரட்டி
"நிலையான வருமானம்னு ஏதாவது?" என்றார்.
எந்தத் தராசுக்கும் ஒரு வருடத்துக்கு மேல்
உத்தரவாதம் எழுதித் தராதவள் நான்.
அவரிடம் என்ன சொல்ல.

வைகாசியில் காவேரிப்பட்டணம்.
மாங்கூழ் ஆலையில் ராத்திரி ரெண்டு மணிக்கு
கூழ் காய்ச்சும் இடத்து வெப்பமானி
மூன்று டிகிரி பொய் சொன்னது.
முன்பென்றால் மெயில் எழுதி
மேலே மூன்று பேருக்கு நகல் வைத்துக் காத்திருப்பேன்.
இப்போது முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னேன்:
"நிறுத்துங்க."
நிறுத்தினார். திட்டினார்.
என் பணத்துக்கு, "சீசன் முடியட்டும்" என்றார்.
பாதி ஆடியில் வந்தது,
பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு.
கூடவே ஒரு கூடை பெங்களூரா, கடைசிப் பழங்கள்.
அதில் எதுவும் பிடிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையே இல்லை.
கே.ஆர்.பி. அணையில் தனியே உட்கார்ந்து
வறுத்த மீன் தின்றேன்.
யாரிடமும் விடுப்பு கேட்கவில்லை.
முள்ளெடுக்கும்போது பயம் வந்தது,
போனது, இன்னொரு துண்டுக்குத் திரும்பி வந்தது.
மீன் சூடாகத்தான் இருந்தது.

இன்று உள்ளே, என் நாற்காலியில் ஒரு புதுப் பையன்.
மைக்ரோமீட்டர் ஒன்றில் இன்னும் என் பழைய ஸ்டிக்கர்,
என் சுருக்கொப்பம், காலாவதித் தேதியோடு.
நகத்தால் சுரண்டினேன்.
பாதிதான் வந்தது.

ஐந்து நாற்பதுக்கு அட்டையைத் திருப்பித் தந்தேன்.
"பேசாம பர்மனென்ட்டா வந்துடுங்க மேடம்" என்றார் திம்மராயன்.
"காண்ட்ராக்ட்தான் எனக்குச் சரிப்படுதுங்க" என்றேன்,
சிரித்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையாய்.
"நானும் காண்ட்ராக்ட்தான் மேடம்.
இந்த கேட்டுல பதினாலு வருசம்."
சொல்லிவிட்டு
என் பெயருக்கு நேரே
வெளியேறிய நேரத்தை எழுதினார்.
அவரை மாற்றிவிட வேண்டியவர்
இன்னும் வரவில்லை.