தொட்டி எண் பதினேழு

கோண்டாவில் ரியூசன் கொட்டில்.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் மூன்றரை.
பலகையில் யாரோ அழிக்காமல் போன இருபடிச் சமன்பாடு.
வாங்குகளில் மரங்கள் இருக்கின்றன
ஓ.எல். பிள்ளைகளைவிட ஒழுங்காக.

நான் செயலாளர்.
மரங்களுக்குத்தான் முதலில் டாப்புக் கூப்பிடுவேன்.
புளி, வயது பதினொன்று, உயரம் ஒரு சாண்.
பாலை, இலை கொட்டி, மருத்துவ விடுப்பில்.
நிக்சனின் கண்டல் குருநகரிலிருந்து மடியிலேயே வந்தது,
கொண்டக்டர் அதற்கும் அரை ரிக்கற் கேட்டானாம்.
அமிர்தநாதனின் பனங்கன்று,
மூன்று வருஷம், இரண்டு ஓலை.
பனை கிளை விடாது, குறுகாது,
குருத்தை நறுக்கினால் செத்துப்போகும் என்று
எல்லாருக்கும் தெரியும். அவருக்கும்.
வரவு என்று எழுதுகிறேன்.

எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு கூட.
கேத்திலில் படிவதுதான் தொட்டி விளிம்பிலும் படியும்.
அதனால் றிஸ்வி
தன் நகைக்கடை ஏசி சொட்டுகிற தண்ணியைக்
கானில் பிடித்துக் கொண்டுவருவார்.
ஆளுக்கு இரண்டு போத்தல். கூடக் கேட்டால் சண்டை.
கெங்காதரன் கொண்டுவருவது
எரிந்த மோட்டர்களின் செப்புக் கம்பி.
வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்துக் களைத்த கம்பி
இப்போது ஒரு மாதுளங் கிளையை
மெல்ல
மெல்லக் கிழக்கே திருப்புகிறது.

ஆனியில் மரம் எடுக்கப் போனோம், அரியாலைக்கு.
கூரை இல்லாத வீடு. மேற்குச் சுவரில் ஒரு இத்தி.
சுவிசிலிருந்து பத்மலோசினி அக்காவின் குரல் வந்தது:
"மரத்தைக் கொண்டுபோங்கோ.
கல்லொண்டும் அசையக்கூடாது."

வேர் யன்னல் கரையால் இறங்கி
கல்லுக்குள் போய், காணாமற் போய்,
குசினிப் பக்கம் ஐந்து விரலாய் வெளியே வந்திருந்தது.
கெங்காதரன் உளியை வைத்தார்.
சுவர் கொஞ்சம் தூசி விட்டது, அவ்வளவுதான்.
சுபத்திரா பிரசவ விடுதியில் தாதி.
வேர் வெட்டும்போது நடுங்காத கை அவளுடையது.
அந்தக் கையைக் கல்லில் வைத்தபடி நின்றாள்.
"எடுக்கேலாது. விடுங்கோ."

சுவர்தான் மரத்தைப் பிடிச்சிருக்கு என்று ஒரு கட்சி.
மரந்தான் சுவரை என்று மற்றது.
தேத்தண்ணி ஆறியது, வடை முடிந்தது,
நுளம்பு வந்தது.
றிஸ்விதான் கேட்டார்,
எங்கட யாப்பில் தொட்டிக்கு என்ன வரைவிலக்கணம்?
பையிலிருந்து எடுத்து வாசித்தேன்:
மரத்தைத் தாங்கி நிற்கும் பாத்திரம்.
அளவு சொல்லப்படவில்லை.

அப்படித்தான் பதிவேட்டில் ஏறியது.
தொட்டி எண் பதினேழு.
நீளம் பதினாறு அடி, உயரம் ஒன்பது.
வெடிப்பு: உண்டு.
யன்னல்: இரண்டு.
பராமரிப்பு: சுழற்சி முறை.

போன கிழமை அக்கா திரும்பவும் பேசினா.
காணிக்கு ஆள் வந்திருக்காம்.
தை பிறந்தால் துப்பரவாக்கித் தரவேணுமாம்.
துப்பரவு என்ற சொல்லை
நான் இரண்டு தரம் கேட்டேன், ஒலியைக் கூட்டி.

இன்றைக்குக் கணக்கு வாசித்தார்கள்:
வங்கியில் பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது.
யாரும் சிரிக்கவில்லை.
வாங்குகிறவரைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்றான் நிக்சன்.
கடிதம் எழுதுவதாக முடிவு. யாருக்கு என்பது முடிவாகவில்லை.
பிறகு அமிர்தநாதன்,
எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத மனுசன்,
பனங்கன்றின் தொட்டியைத் துடைத்தபடி சொன்னார்:
"தைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு.
அதுக்குள்ள ரெண்டு தரம் நுனி கிள்ளலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.
அடுத்த கூட்டம் அரியாலையில்.
கத்தரி, ஏணி, ஏசித் தண்ணி கொண்டுவரவும்.
தொட்டி தூக்க ஆள் தேவையில்லை.