முப்பத்தோராம் பக்கம்

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
ரெலாவ் அடுக்குமாடியின் கீழே என்னை இறக்கும்போது
ஊரே எழுந்து பல் துலக்கிக்கொண்டிருக்கும்.
எனக்கு அப்போதுதான் ராத்திரி.

அந்த ராத்திரியும் நானே செய்துகொண்டதுதான்.
சன்னலில் கறுப்புக் குப்பைப் பை, இரண்டு மடிப்பு,
ஓரமெல்லாம் டேப்.
ஒரு பொட்டு வெளிச்சம் நுழைந்தாலும்
தூக்கம் கோபித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வியாழன் பிற்பகல்
மோட்டார் சைக்கிள் ஒன்று
உத்தரத்தை ஒட்டி ஓடிற்று,
சக்கரம் மேலே, ஆள் கீழே.

கனவென்று புரண்டு படுத்தேன்.
சுவரில் எதிர் புளோக் தலைகீழாய்த் தொங்கியது.
ரொஹாயு அக்காவின் துணிக்கம்பத்தில்
பச்சைக் கைலி மேல்நோக்கிப் படபடத்தது.
ஆ ஹோக் அங்கிளின் குருவிக்கூண்டு
கவிழ்ந்திருந்தது, எதுவும் சிந்தாமல்.
வானம் சுவரின் அடியில்
கட்டில் காலைத் தொட்டபடி கிடந்தது.

"அம்மா, அசையாதீங்க.
நீங்க அசைஞ்சா கட்டடம் உங்க மேல நெளியுது."

லோஷினி. பள்ளிச் சட்டைகூட மாற்றவில்லை.
கையில் என் சேலை ஊக்கு,
மடியில் நூலக பஸ்ஸில் எடுத்த புத்தகம்,
குப்பைப் பையில்
மிளகளவு ஓட்டை.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது வேறு:
"ஏன்டி எல்லாம் தலைகீழா இருக்கு?"

"அதான் இல்லை" என்று நீட்டினாள்.
முப்பதாம் பக்கம்: இருட்டறை, சிறு துளை, செய்து பார்.
'படம் ஏன் கவிழ்ந்து தெரிகிறது?
விடை அடுத்த பக்கத்தில்.'
அடுத்த பக்கம் முப்பத்து மூன்று.
நடுவில் கிழித்த தாளின் பல்வரிசை மட்டும்.

போனில் தேடலாமே என்றேன்.
முறைத்தாள்,
அவளுடைய ஐஸ்கிரீமை நான் கடித்துவிட்டதுபோல.

அப்புறம் நடந்ததை
என் தொழிற்சாலைத் தோழிகளிடம் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டு வயதில், நைட்டியோடு,
சுவரோரம் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து
அந்த மிளகு வழியே பார்த்தேன்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.
"இப்ப கட்டில் மேல ஏறுங்க."
ஏறினேன். கார் நிறுத்துமிடம்.
மறுபடி கீழே: தொட்டி.
மறுபடி மேலே: கார்கள்.
நாலாவது தடவை மூச்சு வாங்கியபோது
அவள் கத்தினாள்,
"அதுக்கு வளையத் தெரியாதும்மா!
வெளிச்சத்துக்கு! நேராத்தான் வரும்.
மேலேர்ந்து புறப்பட்டா
இந்த ஓட்டையில நுழைஞ்சு கீழதான் விழணும்!"

அன்று எனக்குத் தூக்கம் மூன்று மணி நேரம்.

ஒன்பது வருஷமாய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன்.
கீறல் இருந்தால் சிவப்புத் தட்டு,
இல்லாவிட்டால் நீலம்.
பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஏன் என்று கேட்பவர்களுக்கு
மேல்மாடியில் தனி அறை, தனிக் கோப்பி மெஷின்.
அன்றிரவு விளக்கின் குறுக்கே
விரலை வைத்து எடுத்து, வைத்து எடுத்துக்
கொண்டிருந்தேன்.
"என்ன கோளாறு?" என்றார் சூப்பர்வைசர்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லைதான்.

ஓட்டையை என் ஸ்டிக்கர் பொட்டால் அடைத்திருக்கிறோம்.
ஞாயிறு மத்தியானம்
உரித்து எடுப்போம்.

புத்தகம் திரும்பப் போனபோது
அதில் முப்பத்தோராம் பக்கம் இருந்தது,
கணக்கு நோட்டுத் தாளில், டேப் போட்டு.
கத்தரிக்கோல்போல் குறுக்கிடும் இரண்டு கோடுகள்,
கவிழ்ந்த கட்டடம்,
அதன் கீழே வாய் பிளந்து தூங்கும் ஒருத்தி.

"வாயையாவது மூடி வரைஞ்சிருக்கலாம்ல?"

"பார்த்ததைத்தான் போடணும்"
என்றாள் லோஷினி,
"இது சயின்ஸ்."