மூன்று பந்து

பணகுடிக்கு மேற்கே கணவாய் வாய் திறந்தால்
எங்கள் வீட்டு ஓடு சொல்லிவிடும், ஆனி பிறந்தாச்சு என்று.
எண்பது மீட்டர் கோபுரத்தில் ஏறி
அந்தக் காற்றுக்கு கிரீஸ் போட்டவன் நான்.
விழுந்தது அங்கிருந்து இல்லை.
இறங்கி முடிக்கப் பன்னிரண்டு படி இருக்கையில்.

கழுத்தில் ஐந்தாவது எலும்பு.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
என் விலாவை விரல் வைத்து எண்ணினார்.
எனக்குத் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.
"இதுக்கு இடையில உள்ள தசை எல்லாம் லீவு.
அடியில ஒருத்தன் மட்டும் டூட்டி பாக்கான்,
உதரவிதானம்."
பேர் பெரிசா இருக்கு, ஆள் எப்படி என்றேன்,
இரண்டு சொல்லுக்கு ஒரு நிறுத்தம் போட்டு.

மூச்சு இழுத்தால் வயிறு எழும்பும்,
நெஞ்சு உள்ளே போகும்.
கண்ணாடி பிடித்துக் காட்டினார்கள்;
வேறு யாரோ எனக்குள் புரண்டு படுப்பது போல.

உட்கார்ந்தால் திணறும். படுத்தால் லேசாகும்.
பார்க்க வருகிறவர்களுக்கு இது பிடிபடாது.
"எந்திச்சு உக்காரும் வே, காத்து வாங்கும்."
ஜெபக்கனி வயிற்றுப் பட்டையை இறுக்கிய பிறகுதான்
நாற்காலிக்கு மாற்றுவாள்.

ராத்திரி ரெண்டு மணிக்குச் சளி ஏறும்.
கூப்பிடக் குரல் பத்தாது, நாக்கைச் சொடுக்குவேன்.
கொண்டையை முடிந்தபடி வருவாள்.
தொப்புளுக்கு மேலே இரண்டு கையும் வைத்து
"ஒண்ணு, ரெண்டு, இப்போ."
பாதி இருமல் அவளுது, பாதி என்னுது.
ஒரு நாள் அந்த வேகத்தில்
அவளுக்கே இருமல் வந்துவிட்டது.
சிரித்தோம்.
என் சிரிப்புக்கும் அவள்தான் அமுக்க வேண்டியிருந்தது.

காலையில் பிளாஸ்டிக் பெட்டி.
முதல் பந்து ஏறும். இரண்டாவது தை மாதம் ஏறியது.
மூன்றாவது, நீலம், அடியிலேயே கிடக்கு.
பயல் ஒரே இழுப்பில் மூன்றையும் தூக்கினான்,
நான் முழித்திருப்பதைப் பார்த்ததும் போட்டுவிட்டான்.
"தூக்குல," என்றேன்,
"எம்புட்டு நேரம் நிப்பாட்டுதன்னு பாப்போம்."

சன்னலில் எட்டாம் நம்பர் காற்றாடி தெரியுது.
இவ்வளவு காற்றிலும் சுத்தலை.
கியர்பாக்ஸாக இருக்கும்.
ஜெபக்கனியைப் போனைக் காதில் வைக்கச் சொல்லிவிட்டு
வாக்கியத்தை மனசுக்குள் பிரித்துப் பார்க்கிறேன்:
எட்டாம் நம்பர்
நிக்குது வே
என்னன்னு பாரும்.
மூணு மூச்சு.
கட்டுப்படியாகும்.