பீச்சாங்கைக் கத்தி

"மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று
வாய்ப்பழக்கத்தில் கத்தியிடம் சொல்லிவிட்டேன்.
கடலூர் அரசு மருத்துவமனை, எக்ஸ்ரே அறை,
மத்தியானம் இரண்டேகால்.
வெளி பெஞ்சில் யாரும் இல்லை.

மான்கொம்புப் பிடிக்குள் என்ன இருக்கிறதென்று
நாலு வருஷமாய்க் குடைச்சல்.
படத்தில் தெரிந்தது:
இரும்பின் வால் பாதியில் முறிந்திருக்கிறது.
யாரோ ஆணி ஒன்றைத் துணைக்கு வைத்து
பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள்.
பழைய முறிவு, நன்றாகக் கூடியிருக்கிறது
என்று ரிப்போர்ட் எழுதக் கை போனது.

போர்னியோக் காட்டுத் தயாக்குகளுடையது. மண்டாவ் என்பார்கள்.
மரம் ஏற்ற பிந்துலு போன கப்பலில்
சமையல் பார்த்த அமிர்தகடேசன்
முதுநகர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.
"வாழைத்தார் அறுக்கலாம்னு பாத்தேன், வழுக்குது."
ஆயிரத்து இருநூறு ரூபாய். கூடவே ஒரு சொம்பு மோர்.

என்னிடம் எட்டு இருக்கின்றன.
இரண்டு, சுற்றுலாக் கடைச் சரக்கு:
பித்தளைப் புள்ளி வெறும் பெயிண்ட், குஞ்சம் நைலான்.
போலியென்றும் நிஜமென்றும் பார்ப்பதில்லை
உப்பங்காற்று.
வாரம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய்.
ஆயுத பூஜைக்கு வேதவல்லி சந்தனக் கிண்ணத்தோடு வருவாள்,
ஈரம் ஆகாது என்று நான் குறுக்கே நிற்பேன்.

பார்க்க வருகிறவர்கள் புள்ளிகளை எண்ணுவார்கள்.
பதினேழு.
"பதினேழு தலையா சார்?"
தெரியாது என்பேன்.
காடு திருத்தி நெல் விதைக்கிறவர்கள் என்பேன்.
காசு கொடுத்து ஏமாந்த முகத்தோடு
காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

தானே புயல் அடித்து ஒன்பதாம் நாள்.
கரண்ட் இல்லை. கொல்லை முழுக்க முருங்கை.
வார்டு கூட்டும் அஞ்சலாட்சி
ஆட்டுக்குத் தழை கேட்டு வந்தாள்.
அரிவாள் எதிர்வீட்டுக்குப் போயிருந்தது.
மண்டாவை எடுத்து ஓங்கினேன்.
கிளையில் பட்டு வழுக்கி
செருப்பின் நுனியில் வந்து நின்றது.

"குடு சார்."
இடது கையில் வாங்கினாள்.
ஒரே வெட்டு.
அடுத்தது.
அடுத்தது.

அலகைப் புரட்டி, கட்டைவிரலால் தடவினாள்.
"இந்தப் பக்கம் குழி, அந்தப் பக்கம் வயிறு.
இது பீச்சாங்கைக்காரன் கத்தி சார்.
யாரு அவன்?"

தழைக்கட்டைத் தூக்கிவிட்டேன்.

ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில்
நிஜமான ஆறையும் பாயில் கிடத்தினேன்.
ஐந்தில் குழி ஒரு பக்கம். இதில் எதிர்ப்பக்கம்.
எத்தனை வாரம் எண்ணெய் தடவியிருக்கிறேன்
இதே விரலால்.

அட்டையை எடுத்தேன்.
நீளம்: இருபத்திரண்டு அங்குலம்.
பிடி: மான்கொம்பு, உள்ளே ஆணி.
தலை என்ற வரியை அடித்துவிட்டு
கை: இடது.

அஞ்சலாட்சி சாப்பிடுவது வலது கையால்.
மறுநாள் கேண்டீனில் கவனித்தேன்.
தழை வெட்டுவதற்கு மட்டும் அது, சோற்றுக்கு இது.
அவனுக்கு எப்படியோ.