தேதி பின்னர் அறிவிக்கப்படும்

டார்ட்டு நகரம். ஜனவரி. காலை ஒன்பதாகியும்
விடியல் இன்னும் கையெழுத்துப் போட வரவில்லை.
நான்காம் மாடி விளக்கை நான்தான் போடுகிறேன்.
உயிர்வேதியியல் துறையின் அறிவிப்புப் பலகை
என் பொறுப்பு. சம்பளத்தில் அதற்கென்று எதுவும் கிடையாது.

இந்த வாரம்:

மூன்றாம் மையவிலக்கி நடுங்குகிறது.
எதிரெதிர்க் குழாய்களை எடை பார்த்து வையுங்கள் என்று
நாலாவது தடவையாக எழுதுகிறேன்.

புதன் இரண்டு மணிக்கு விவிகாவின் வாய்மொழித் தேர்வு.
கேள்வி கேட்பவர் ரீகாவிலிருந்து வருகிறார்,
மீன் சாப்பிடமாட்டார். கேக் ஹெல்ட்டுர் வீட்டில்.
ஆறு வருடம், ஒரே ஒரு நொதி:
அது எப்படி வாய் திறக்கிறது, எதைக் கவ்வுகிறது,
கவ்வியதை எப்போது விடுகிறது.
"விடுவதுதான் கடினம்" என்றாள் ஒருநாள் படிக்கட்டில்.
நொதியைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளி செமினார்: மடிப்புத் தவறிய புரதங்கள்.
காப்பி எங்களுடையது, கோப்பை உங்களுடையது.
நீலக் கோப்பையை எடுத்தவர் திருப்பி வைத்தால்
எதுவும் கேட்கமாட்டேன்.

செவ்வாய்: மைனஸ் எண்பது உறைபெட்டி சுத்தம் செய்யப்படும்.
பெயர் இல்லாத குழாய்கள் குப்பைக்குப் போகும்.
இதை மட்டும் சிவப்பில் எழுதினேன்.

பலகையின் வலது மூலையில் ஒரு தாள்.
'டாக்டர் ஸ்லாட்டா ஹொன்சாருக், கார்கிவ்.
பனியிலும் வேலை செய்யும் நொதிகள்.
தேதி பின்னர் அறிவிக்கப்படும்.'
ஜூன் மாத வெள்ளை இரவுகள் மூன்று முறை வந்து
அதை மஞ்சளாக்கிவிட்டுப் போயின.
சைக்கிள் விற்பனை, பாடகர் குழு ஒத்திகை, தொலைந்த கையுறை
எல்லாவற்றையும் அதன் ஓரமாகக் குத்துவார்கள்.
மேலே குத்துவதில்லை.
யாரும் அப்படிச் சொல்லிவைக்கவும் இல்லை.

செவ்வாய்.
யோசெப், முதலாண்டு மாணவன், முழங்கைவரை கையுறை.
அடித்தட்டில் பனி ரோமம் போர்த்திய ஒரு பெட்டி.
உள்ளே எண்பத்தொரு குழாய்,
ஒவ்வொன்றிலும் கடுகளவு வெண்மை.
பெயர்ச்சீட்டுகள் குளிரில் பசைவிட்டு
அடியில் சருகாய்க் கிடந்தன.
விதி விதிதான். குப்பைப் பையின் வாய் திறந்திருந்தது.

அவன் தயங்கினான், அறிவியல் காரணமல்ல:
மூடியில் யாரோ பேனாவால் ஒரு வாத்து வரைந்திருந்தார்கள்.
"வாத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை."

புகை வழிய வழிய என் மேசைக்குக் கொண்டுவந்தான்.
எனக்குத் தெரியும் அந்த வாத்தை.
ஒரு மார்ச் மாதம் லாரிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது,
போலந்து வழியாக, உலர்பனியில், நான்கு நாள்.
கூடவே ஒரு துண்டுச்சீட்டு:
'இங்கே மின்சாரம் நின்று நின்று வருகிறது.
இவை உங்களிடம் உறங்கட்டும். நான் பிறகு வருகிறேன்.'
ரசீதில் கையெழுத்திட்டது நான்.
குளிர் தாங்கும் சீட்டு வாங்கச் சொன்னபோது
மலிவானதைப் பார்த்து வாங்கியதும் நான்.

மாலைவரை மூவரும் பேனாவோடு உட்கார்ந்தோம்,
மறுநாள் தேர்வை மறந்து விவிகாவும்.
ஒரு குழாயை நிமிடத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது:
எடுத்து, எழுதி, திருப்பி வைத்து,
விரல்நுனி மரத்து, ஊதி, மறுபடி எடுத்து.
எழுபதாவதில் யோசெப் கேட்டான்:
"இவை உயிரோடு இருக்கின்றனவா?"
யாரும் உடனே பதில் சொல்லவில்லை.
"எழுப்பினால் தெரியும்" என்றாள் விவிகா கடைசியில்.
"எழுப்ப வேண்டியது நாம் இல்லை."

அடுத்த வார அறிவிப்புகள்:

விவிகா தேறினாள். கேக்கில் இரண்டு துண்டு மிச்சம்.
மையவிலக்கி இன்னும் நடுங்குகிறது.
நீலக் கோப்பை வந்துவிட்டது, உள்ளே ஒரு மிட்டாயோடு.
ஆற்றில் பனி போதுமான தடிப்பில்லை,
குறுக்குவழி என்று நடக்காதீர்கள்.
உறைபெட்டியில் அடித்தட்டு ஸ்லாட்டாவுடையது.

வலது மூலைத் தாளில்
'பின்னர்' என்ற சொல் மட்டும் மங்கியிருந்தது.
அதன் மேலேயே திரும்ப எழுதினேன்,
நல்ல மையில்,
இந்தமுறை விலை பார்க்காமல்.