காற்றில் ஒட்டிய சீட்டு

ஹெல்மெட்டுக்கு அடியில் அதை மாட்டிக்கொள்கிறேன்.
நெற்றி வியர்க்கும் முன்னே
சுவர் கண்ணாடியாகிவிடுகிறது.
உள்ளே ஓடும் குழாய்கள்:
கடல்நீருக்குப் பச்சை
நீராவிக்குச் சிவப்பு
குடிநீருக்கு, யார் தேர்ந்தெடுத்தார்களோ, ஊதா.

ஜுபைலில்
கடலைக் காய்ச்சித் தண்ணீராக்கும் ஆலையில்
எனக்கு இரவு ஷிஃப்ட்.
அந்தரத்தில் ஓர் அம்பு தொங்கி
இந்த போல்ட்டைத் திருகு என்கிறது.
அரைச்சுற்று போதும் என்கிறது.
அம்புக்குப் பின்னால் ஜெர்மனியில் ஒருவன்
காபி ஆற்றிக்கொண்டு
என் கண்ணால் பார்க்கிறான்.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே முதுகுவலி.
அது எனக்கு.

வியாழன் இரவு
பயிற்சிக்கென்று கையெழுத்துப் போட்டு
ஆறு பெட்டிகளைக் கேம்புக்கு எடுத்துவருவோம்.
பந்து இல்லை, மட்டை இல்லை.
குப்பைத்தொட்டிக்கும் தண்ணீர் டேங்கருக்கும் நடுவே
அறுபதாயிரம் பேர் கத்தும் அரங்கம் எழும்பும்.
தில் பகதூர் ஓடிவந்து வெறுங்கையை வீசுவான்.
நான் வெறுங்கையால் தூக்கி அடிப்பேன்.
ஏழாவது பெட்டி கிடையாது என்பதால்
காவலாளி குல் ஜமீன்தான் அம்பயர்.
அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம்
லுங்கி மடித்துக் கட்டிய ஆறு பைத்தியங்கள்.
அவுட்டா என்று கேட்டால்
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.
பிறகு விரலை உயர்த்துவார்.
இதுவரை ஒரு தீர்ப்பும் தப்பியதில்லை.

இன்னும் ஐந்தே வருடம், என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர்,
மூக்குக்கண்ணாடி அளவுக்கு மெலிந்துவிடும்.
அரபிப் பலகை தமிழில் பேசும்.
டாக்டர் தோலைத் திறக்காமலே எலும்பைப் பார்ப்பார்.
நான் கேட்டேன்:
ஃபோர்மேன் தலைக்கு மேல்
அவர் மனசில் இருப்பது எழுத்தாக ஓடுமா?
எல்லோரும் சிரித்தார்கள்,
ஃபோர்மேன் கடைசியாக.

மூன்றாம் பம்ப் அறையில்
நெஞ்சு உயரத்தில் மிதக்கும் மஞ்சள் சீட்டுகள்
தஸ்நேவிஸ் எழுதியவை.
'மீட்டர் பொய் சொல்லும், காதை வைத்துக் கேள்.'
'இந்த வால்வு முரண்டு பிடிக்கும், திட்டினால் திறக்கும்.'
'இங்கே நின்றால் சிக்னல் வரும். வீட்டுக்குப் பேசலாம்.'
ஒரு குழாய்க்கு முன்னால், புருவ உயரத்தில்:
'குனி. நான் குனியவில்லை.'

மார்ச்சில் அவனுக்கு எக்ஸிட் அடித்துவிட்டார்கள்.
அவன் கட்டிலில் இப்போது ஒரு பங்களாதேஷி
அவன் லாக்கரில் வேறு பூட்டு.
சீட்டுகள் மட்டும் போகவில்லை.
அவற்றுக்கு இக்காமா தேவைப்படவில்லை.

நேற்று உத்தரவு வந்தது:
புதிய பதிப்பு ஏற்றும் முன்
பணியில் இல்லாதவர் எழுதியதை அழிக்கவும்.
இரண்டு விரலால் கிள்ளினால் போதும்.
சட்டையில் ஒட்டிய நூலைப் போல
ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன்.
மீட்டர் போனது.
வால்வு போனது.
சிக்னல் சீட்டைக் கிள்ளும்போது
ஏனோ அறையைத் திரும்பிப் பார்த்தேன்.

'குனி'யின் முன்னால் விரல் நின்றது.
உரிமையாளரை மாற்றலாம் என்றது பெட்டி.
என் பெயரைப் போட்டேன்.
எவ்வளவு காலம்?
ஒப்பந்தம் முடியும்வரை, என்ற ஒரே விடைதான் இருந்தது.
எனக்கு இன்னும் ஐந்து மாதம்.
தில் பகதூருக்குப் பதின்மூன்று.
அவன் பெயருக்கே மாற்றினேன்.

அவனுக்குத் தமிழ் தெரியாது.
பெட்டி நேபாளியில் வாசித்துக் காட்டியது.
இதை எழுதியவன் தலையைத் தடவிக்கொண்டே எழுதியிருக்கிறான்,
என்றான் தில் பகதூர்.

இன்று பெட்டிகளெல்லாம் சார்ஜில்.
வெறுங்கண்ணோடு அந்த வழியாகப் போனோம்.
பேச்சை நிறுத்தாமலே
இருவரும் ஒரே இடத்தில் குனிந்தோம்.
குழாயில் அங்கே மட்டும்
ஒரு நெற்றி அளவுக்குப் பெயின்ட் இல்லை.